வாசலில் விட்ட பூட்ஸ்

பனிமலையில் கம்பியில் தொங்கும் நாற்காலியில் ஏறிப் போவதை மானக்கேடாக நினைக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். சிட்னி ஹோம்புஷில் எங்களுக்கு மேல் ஃபிளாட்டில் இருக்கும் ஐஸ் அங்கிள்.

“கதிரையில இருந்து போறதுக்கு மலை என்னத்துக்கு?” என்பார்.

வேலை, பஸ் ஓட்டுவது. குளிர்காலம் முடிந்து செப்டம்பரில் சிட்னியே கம்பளிக் கோட்டை மடித்து வைக்கும்போது, இவர் ஸ்கீ பலகைகளைத் தூசி தட்டுவார். அடியில் ரோமப் பட்டையை ஒட்டிவிட்டால் பலகை முன்னே நகரும், பின்னே வழுக்காது. அப்படியே ஆளில்லாத மலையில் நடந்து ஏறி, பட்டையை உரித்துவிட்டுச் சறுக்கி இறங்குவார். தனியாகப் போகக் கூடாது என்பது அவர் மனைவி அன்ரியின் சட்டம். துணைக்குப் போகிறவன் நான். ஸ்கீயில் நான் நிற்பதே பெரிய விஷயம்.

போன வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை காலை, அன்ரி வாசலிலேயே மறித்தார்.

“நாளைக்குப் பின்னேரம் மகளைப் பொம்பிளை பாக்க வருகினம். நேரத்துக்கு வந்து நிக்கேல்லையெண்டா இந்தப் பலகையள் றோட்டுக் குப்பையில கிடக்கும்.”

“ஓமப்பா, வந்திடுவன்.”

அன்று சாயங்காலம், மலைமேல் வழிப்போக்கர்கள் தங்க ஒரு தகரக் குடில். நனைந்த பூட்ஸோடு உள்ளே கால் வைத்தேன்.

“தம்பி, சப்பாத்தோட உள்ள வாறதே?”

“அங்கிள், இது தகரக் கொட்டகை.”

“கொட்டகையெண்டாலும் ஆக்கள் படுக்கிற இடம்தானே.”

இரண்டு ஜோடியும் கோயில் வாசல் மாதிரி வெளியே வரிசையாக நின்றன. வசந்தத்தில் பகலில் கூழாகும் பனி, இரவில் கல்லாகும். காலையில் பார்த்தால் பூட்ஸும் கல். விரல்கூட நுழையவில்லை.

அங்கிள் ஸ்வெட்டரைத் தூக்கி, என் பூட்ஸை வயிற்றோடு அணைத்துக்கொண்டார். பல் தந்தியடித்தது.

“முதல்ல உங்களோடதைப் பாருங்க அங்கிள். அன்ரி சொன்னது மறந்துபோச்சா?”

“பலகை போனாப் போகட்டும். உன்ர கால் விறைச்சா நான் என்ன செய்யிறது?”

அவருடையதை நான் அணைத்துக்கொண்டேன். எனக்கு அவர் அளவுக்குத் தொப்பை இல்லாததால் அது இளகவே மத்தியானம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு கூழ்ப்பனியில் நான் விழுந்து விழுந்து இறங்கி, வீடு வந்தபோது வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருந்தார்கள். மகளுக்கு மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது. அன்ரிக்குத்தான் அங்கிளைப் பிடிக்கவில்லை.

மறுநாள் தெருவோரம் ஒரு பழைய மெத்தைமேல் பலகைகள் கிடந்தன. திரும்பிப் பார்க்காமல் அங்கிள் வேலைக்குப் போனார். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. தூக்கி வந்து என் கராஜில் வைத்தேன்.

இந்த செப்டம்பரில் அன்ரியே வந்து கதவைத் தட்டினார்.

“தம்பி, அந்தப் பலகையள் உங்களிட்டக் கிடக்கெண்டு தெரியும். குடுங்கோ. மனுசன் ஜன்னலைப் பாத்துக்கொண்டு சோறும் தின்னுதில்லை.”

மறுபடி அதே குடில், அதே சட்டம். பூட்ஸை வெளியே விட்டேன். அவர் குறட்டை விடத் தொடங்கியதும் அவருடைய ஜோடியை மட்டும் எடுத்துவந்து, போர்வைக்குள் அணைத்துக்கொண்டு படுத்தேன். இந்த வருஷம் எனக்கும் கொஞ்சம் தொப்பை போட்டிருக்கிறது.