மாப்பிள்ளைக்கு, இரண்டு கொம்பு ரவுட்டர் வாங்கிய விவரம்

மசாகா,
சனிக்கிழமை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை செமக்குலா அவர்களுக்கு, உங்கள் மனைவி நகாதோவையும் அவள் அக்கா பபிரியேயையும் ஒரே பிரசவத்தில் பெற்ற நலோங்கோ எழுதிக்கொள்வது.

எப்படி உறங்கி எழுந்தீர்கள், குலு ஊரில் மழை எப்படி, சாலை போடும் வேலைக்கு நன்றி, வெயிலில் நிற்பதற்கு நன்றி, என் மகளை நல்லபடியாக வைத்திருப்பதற்கு நன்றி. ஒவ்வொன்றுக்கும் நீங்கள் "ம்ம்" என்று சொன்னதாக எடுத்துக்கொண்டு பதிலுக்கு நானும் இங்கே "ம்ம்" சொல்லிவிட்டேன். நான், உங்கள் மகள் நசூனா, இரண்டு ஆடுகள், வாழைத்தோட்டம் எல்லாரும் சுகம்.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நகாதோ கேட்பாள். மாமியாரின் குரல் மாப்பிள்ளையின் காதுக்குள்ளேயே போய் உட்காருவது முறையில்லை. கல்யாணமான இந்த இருபது வருஷத்தில் உங்கள் முகத்தை நான் நேராகப் பார்த்ததில்லை. நீங்கள் முன்வாசலில் வந்தால் நான் பின்வாசலில் போய்விடுவேன். அந்த மரியாதையை ஒரு ரவுட்டருக்காகக் கெடுப்பேனா. ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவள், எழுத்து கோணலாக இருக்கும், விஷயம் நேராக இருக்கும்.

விஷயம் இதுதான். நாலு கொம்பு வைத்த ரவுட்டர் வாங்கச் சொல்லி நீங்கள் பணம் அனுப்பினீர்கள், நான் இரண்டு கொம்பு வைத்ததை வாங்கினேன். இதை அடுத்த வீட்டு லுஸ்வாட்டா வாத்தியார் போன் போட்டு உங்களுக்குச் சொல்லிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். ரிட்டயர் ஆனவருக்கு வேறு வேலை இல்லை. மாட்டு வைத்தியம் படிக்க ஒரே ஒரு இலவச இடம், அதற்கு நாற்பது பிள்ளைகள், இன்டர்வியூ வியாழக்கிழமை பத்து மணிக்குக் கம்ப்யூட்டர் வழியாக, அது கிடைக்காவிட்டால் நசூனாவுக்கு இந்த வருஷம் படிப்பு இல்லை என்பதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்துதான் வாங்கினேன். எப்படி என்று கேளுங்கள்.

கம்பத்திலிருந்து இன்டர்நெட் கம்பி இழுத்துக் கொடுத்தவர்கள், பெட்டியை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்று போய்விட்டார்கள். நான் நல்ல உடுப்பு உடுத்தி, இடுப்புக் கச்சை கட்டிக்கொண்டு, கடைத்தெருவில் கயோண்டோ கடைக்குப் போனேன். அவன் நாலு கொம்பு வைத்த ஒன்றை எடுத்து வைத்தான், கவிழ்த்துப் போட்ட வண்டு மாதிரி இருந்தது.

"பாட்டி, இது அறுபது போன் வரைக்கும் தாங்கும்" என்றான்.

"எங்க வீட்டுல ஆளே ரெண்டு பேரு. மிச்சம் அம்பத்தெட்டு யாருக்கு, ஆட்டுக்கா?"

"மூணு மாடி தாண்டிப் போகும் பாட்டி."

"மாடி நீ கட்டித் தருவியா? சரி, உங்கம்மா வீட்டுல எதை மாட்டியிருக்க, அதைச் சொல்லு."

பையன் கூரையைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், கடைசியில் கீழ்த்தட்டிலிருந்து தூசி தட்டி இந்த இரண்டு கொம்பை எடுத்து வைத்தான். கம்பிக்காரர்கள் கொடுத்த சீட்டைக் காட்டினேன். படித்துவிட்டு உண்மையைச் சொன்னான். "உங்களுக்கு வர்ற வேகத்துக்கு இதுவே போதும் பாட்டி. சின்னக் குழாய்க்குக் கீழ பெரிய அண்டா வெச்சா தண்ணி கூடவா வரும்? ஆனா அலமாரிக்குள்ள பூட்டி வெச்சிராதீங்க. வீட்டு நடுவுல, உயரமா, மூடாம இருக்கணும்." அலமாரிப் பூட்டு அப்போதே என் பையில் இருந்தது, அவனிடம் சொல்லவில்லை. வீட்டு நடுவில் உயரமான ஆணி ஒன்றுதான், அதில் உங்கள் மாமனார் படம் இருந்தது. அவரை ஒரு முழம் தள்ளி மாட்டிவிட்டு அந்த இடத்தைப் பெட்டிக்குக் கொடுத்தேன். மீதிப் பணம் நகாதோவுக்கு வந்திருக்கும்.

மாப்பிள்ளை, பெட்டியில் பச்சை விளக்கு நாலும் எரிந்ததும் நான் உட்கார்ந்துவிட்டேன். சத்தம் இல்லை, வாசனை இல்லை, சோப்புக்கட்டி இரண்டின் கனம்கூட இல்லை. அதிலிருந்து ஒன்று புறப்பட்டுச் சுவரைத் தாண்டிச் சமையல் கொட்டகைக்கு வருகிறது. வாழைக்காய் வேகிற புகைக்குள் நின்று நசூனா போனைக் காட்டினாள், அங்கேயும் படம் ஓடியது. நான் நடுவில் கையை நீட்டி மறித்துப் பார்த்தேன். என் கையைத் தாண்டியும் வந்தது. எழுபத்தோரு வயதில் என் வழியாக ஏதோ போகிறது, எனக்குத் தெரியவில்லை. அன்று முழுக்க நிமிர்ந்தே நடந்தேன்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் இரவல் வாங்கிய லேப்டாப்பை மேஜைமேல் வைத்து, நசூனாவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுக் கதவோரம் நின்றேன். வாத்தியார் அழைக்காமலே ஜன்னலுக்கு வெளியே நின்றார். சரியாகப் பத்துக்குத் திரையில் மூன்று முகம் வந்தது: கடல் தாண்டி ஏதோ ஊரிலிருந்து ஒரு வெள்ளைத் தாடிக்காரர், நைரோபியிலிருந்து ஒரு கண்ணாடிக்காரர், கம்பாலாவிலிருந்து நம் ஆள், டாக்டர் நச்சான்சி என்ற அம்மா. மூன்று ஊர்ப் பெரியவர்கள் ஒரே நேரத்தில் என் வீட்டு மேஜைமேல். தாடிக்காரர் வணக்கம் சொன்னார். (அவர்கள் பேசிய இங்கிலீஷை நசூனா பிறகு சொன்ன அர்த்தத்தில் எழுதுகிறேன்.)

உங்கள் மகளை நான் எப்படி வளர்த்திருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். பெரியவர்கள் வந்திருக்கும்போது நாற்காலியில் உட்கார்ந்துகொண்டா வணக்கம் சொல்வாள். எழுந்தாள், பாயில் மண்டியிட்டாள், தலையைக் குனிந்து உறக்கம், வீடு, வேலை, பிள்ளைகள் என்று முறையாக விசாரிக்கத் தொடங்கினாள். திரையில் வெறும் நாற்காலி.

"பொண்ணைக் காணோம். லைன் போயிருச்சு போல" என்றார் தாடிக்காரர்.

ஜன்னலில் வாத்தியார். "அப்பவே சொன்னேன் நலோங்கோ. ரெண்டு கொம்புல மிச்சம் பிடிச்சீங்க, புள்ளை படிப்பு போச்சு."

ஆணியைப் பார்த்தால் நாலு விளக்கும் பச்சை. பெட்டி சரியாகத்தான் இருக்கிறது, பிள்ளையை விட்டுவிடாதீர்கள் என்று சொல்ல லேப்டாப்புக்கு முன்னால் ஓடினேன். ஆனால் அன்னியர் முன்னால் வணக்கம் சொல்லாமல் எடுத்த எடுப்பில் பேச்சை ஆரம்பிக்க எனக்கு வாய் வராது. நானும் மண்டியிட்டேன். போகிற போக்கில் பிடித்த நாற்காலி சாய்ந்ததில் இப்போது திரையில் அதுவும் இல்லை.

மேஜைக்குக் கீழே நசூனா கிசுகிசுத்தாள். "பாட்டி, நீங்க எதுக்கு வந்தீங்க?"

"வணக்கம் சொல்ல வேணாமா?"

"இன்டர்வியூ பாட்டி."

"அதுக்காக?"

மேலேயிருந்து நச்சான்சி அம்மாவின் குரல் நம் பாஷையில் வந்தது. "அம்மா, தரையிலயா இருக்கீங்க?"

"தரையிலதாம்மா."

"வயசு என்ன ஆச்சு?"

"எழுபத்தொண்ணு."

"ஐயோ, நான் நாற்காலியில இருக்கேனே" என்றது குரல். எட்டிப் பார்த்தேன். டாக்டர் பட்டம் வாங்கிய அந்த அம்மா கம்பாலாவில் எனக்கு மண்டியிட நாற்காலியை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார். பிறகு அவர் கட்டத்தில் சுவர்க் காலண்டர் மட்டும் தெரிந்தது.

"இப்ப கம்பாலாவும் போச்சா?" என்றார் தாடிக்காரர்.

"நான் இருக்கேன்" என்றார் நைரோபிக்காரர்.

காலண்டருக்குக் கீழேயிருந்து அந்த அம்மா, யாரும் எங்கேயும் போகவில்லை, இங்கே வணக்கம் நடக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டு, எங்களை லேப்டாப்பைக் கீழே இறக்கச் சொன்னார். இறக்கினோம். முழு இன்டர்வியூவும் பாயில் நடந்தது. பசு வயிற்றுக்குள் கன்று புரண்டு கிடந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். போன மழையில் நம் ஆட்டுக்குக் குட்டி பின்கால் முன்னால் வந்ததையும், தான் கையை விட்டுத் திருப்பியதையும் நசூனா சொன்னாள். நீயேவா என்று தாடிக்காரர் கேட்டார். "பாட்டி கை பெருசு சார், அதனால நான்" என்றாள். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நாற்பது நிமிஷம், ஒரு முகம்கூட உறையவில்லை, ஒரு சொல்கூட அறுபடவில்லை. இதை வாத்தியார் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்.

முடிவு இன்னும் வரவில்லை. மூன்று நாளாக நசூனா சரியாகச் சாப்பிடுவதில்லை, நானும் சாப்பிட்ட மாதிரி நடிக்கிறேன். இடம் கிடைக்காமல் போனால் கொம்பைக் குறை சொல்லாதீர்கள், மண்டியிட வளர்த்த என்னைச் சொல்லுங்கள். ஆனால் அதை மாற்றி வளர்க்க எனக்குத் தெரியாது.

நீங்கள் போடும் சாலையில் நல்லவர்கள் நடக்கட்டும். கால் இடறாமல், வேலை தடைபடாமல், நகாதோவும் நீங்களும் நெடுநாள் இருங்கள். மறைவில் நின்றபடியே மரியாதையுடன்,

நலோங்கோ

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது நசூனா போனோடு ஓடி வந்தாள். இடம் கிடைத்துவிட்டது. அப்பாவுக்குத்தான் முதலில் வீடியோ காலில் சொல்லியிருக்கிறாள், அது சரி. ஆனால் சந்தோஷத்தில் போனை அப்படியே என் பக்கம் திருப்பிவிட்டாள். தலையில் மஞ்சள் தொப்பியோடு, பின்னால் தார் புகைய, நீங்கள் முழுதாக இருந்தீர்கள். கையில் துணி இல்லாததால் இந்தக் கடிதத்தாலேயே முகத்தை மூடினேன். கடைசிப் பக்கம் ஈரமாகி மை கலைந்திருப்பது அதனால்தான், வாசிக்க முடிந்தவரை வாசியுங்கள். பெட்டி இவ்வளவு தெளிவாகக் காட்டும் என்று தெரிந்திருந்தால் இன்னும் மட்டமானதாகப் பார்த்து வாங்கியிருப்பேன். நீங்களும் அழுதீர்கள் என்பதை நான் பார்க்கவில்லை. எதையுமே பார்க்கவில்லை. ஆனால் ரொம்ப மெலிந்துவிட்டீர்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள்.