வேம்புவின் வரனும் ஆறாம் பிளாக் கலவரமும்

மயிலாப்பூர்,
14-6-1973

மதிப்பிற்குரிய சிறைக் கண்காணிப்பாளர் அவர்களுக்கு, சித்திரக்குளத்து ஓய்வுபெற்ற ஆசிரியை சூடாமணி நமஸ்காரம். தாங்களும், தங்கள் குடும்பத்தாரும், தாங்கள் பூட்டி வைத்திருக்கும் அனைவரும் சௌக்கியம் என்றே நம்புகிறேன்.

தாங்கள் கோபமாக எழுதிய கடிதம் கிடைத்தது. என் கடிதங்களால் ஆறாம் பிளாக்கில் கலவரம் மூண்டது என்றும், இனியும் நான் எழுதினால் கைதி வலியுல்லாவுக்குத் தபாலே கிடையாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நடந்ததை நான் விளக்கினால் தங்கள் கோபம் தானே அடங்கிவிடும்.

யாரும் கடிதம் போடாத கைதிகளுக்கு ஆறுதலாக எழுதும்படி எங்கள் மாதர் சங்கத்தில் சொன்னார்கள். எனக்கு வாய்த்தவன் வலியுல்லா. அடிதடி கேஸ். அம்மா இல்லை, இவன் பேரையே வீட்டில் எடுக்கக் கூடாது என்று அண்ணன் சொல்லிவிட்டானாம். முதலில் நல்லொழுக்கம் பற்றி நாலு பக்கம் எழுதினேன். பதில் இல்லை. அடுத்த கடிதத்துக்கு விஷயம் தோன்றாமல், என்னோடு இருக்கும் தம்பி பெண் வேம்புவுக்கு வரன் பார்ப்பதை எழுதிவைத்தேன். உடனே பதில் வந்தது: "அப்பால இன்னா ஆச்சும்மா?" அவ்வளவுதான், நானும் எழுதிண்டே போனேன். மாம்பலத்து பேங்க் பையன் வந்தான், கேசரியைக் கேட்டுக் கேட்டு வாங்கிண்டான். நாக்பூர் இன்ஜினியர் வந்தான், அவன் அம்மா எங்காத்து ஃபேனையே அண்ணாந்து பார்த்துண்டிருந்தாள், பெண்ணைப் பார்க்கவே இல்லை. எதையும் விடாமல் எழுதினேன். அதுவரை யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துக் கிடந்தவன் அதையெல்லாம் பிளாக் முழுக்கக் கேட்கிற மாதிரி வாசிப்பான் என்று எனக்கென்ன ஜோஸ்யமா தெரியும்? பேங்க் கட்சி, இன்ஜினியர் கட்சி என்று அவாளெல்லாம் பிரிந்து, கஞ்சி வரிசையில் அடித்துக்கொண்டு, தட்டுகள் நெளிந்து, ஒருவருக்குப் பல் ஆடுகிறது என்றால் அதற்கு நான் என்ன பண்ணுவேன்?

வலியுல்லா மட்டும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அவன் எழுதியது இது: "அல்லாரும் இன்னா இன்னாவோ சொல்றாங்கோ. அந்தப் பொண்ணு இன்னா சொல்லிச்சு? அத்த நீங்க எழுதவே இல்லியேம்மா."

கேட்டிருந்தால்தானே எழுதுவேன்? அன்றைக்கே கேட்டேன். வேம்பு கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். "ரெண்டு பேரும் வேண்டாம் அத்தே. நான் லா காலேஜ் சேரணும்" என்றாள். "இத்தனை நாள் ஏண்டி சொல்லலை?" என்றேன். "நீ எங்கே கேட்டே?" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். நானும் அழுதேன். இரண்டு வரனையும் திருப்பி அனுப்பிவிட்டு, காலேஜுக்கு விண்ணப்பமும் போட்டாயிற்று.

இப்பேர்ப்பட்டவனுக்கா தபாலை நிறுத்துவது? தண்டிப்பதானால் என்னைத் தண்டியுங்கள். இத்தோடு நான் எழுதுவதை நிறுத்திக்கொள்கிறேன். வரன் பேச்சு இனி இந்த ஆத்தில் கிடையாது. வேறு யாராவது அவனுக்கு எழுதினால், தயவுசெய்து கொடுத்துவிடுங்கள்.

தங்களுக்குப் பதவி உயர்வு கிடைத்து, அந்த மனுஷரின் பல்லும் உறுதிப்பட்டு, உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் நல்லபடியாக வெளியே வர கபாலீஸ்வரர் அருளட்டும்.

இப்படிக்கு,
சூடாமணி

பி.கு.: தபாலைத் தணிக்கை செய்யும் தங்கள் துணை ஜெயிலர், வேம்பு வருகிற பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் படிப்பதாகவும், இன்னும் கல்யாணம் ஆகாதவர் என்றும் வலியுல்லா எழுதியிருந்தான். என்ன கோத்திரம் என்று நாசூக்காக விசாரித்துச் சொல்லவும். குணம் எப்படி என்று வலியுல்லாவைக் கேட்டு ஒரு சின்னக் கடிதம், ஆறே பக்கம், இத்துடன் வைத்திருக்கிறேன், கொடுத்துவிடவும். வேம்பு "அத்தே, பேனாவைக் குடு" என்று பிடுங்க வருகிறாள். சின்னப் பெண், உலகம் தெரியாது.