எச்சரிக்கைச் சின்னமும் ஐஸ் சிராப்பும்

"குப்பை அள்ளவா யூனிவர்சிட்டி போன?" என்று மாமா கேட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துப் படிவம் ஐந்தைத் தாண்டிய முதல் ஆள் நான். (இதை நான் சொல்லாத கல்யாண வீடு பேராக் மாநிலத்தில் இல்லை.)

"சாதாரண குப்பை இல்ல மாமா. கதிரியக்கக் கழிவு. அத நாடு முழுக்க எப்படிப் பத்திரமா வைக்கிறதுன்னு கொள்கை எழுதுறோம்."

"குப்பைதானலா," என்றார் மாமா.

அந்தக் கொள்கை வரைவில் ஒரே ஒரு பத்தி என்னுடையது. கழிவு டிரம்மில் என்ன அடையாளம் இருக்க வேண்டும் என்பது பற்றியது. 'மூன்று இதழ்ச் சின்னமே போதும். பல தலைமுறை கழித்து வருபவர்களுக்கும் அது புரியும்' என்று எழுதியிருந்தேன். என் மேலதிகாரி அம்மையார் (நாங்கள் புவான் என்போம்), "பக்கத்தில் நாலு வார்த்தையும் போடலாமே," என்று மலாயில் கேட்டார். சின்னம் தானே பேசும் என்றேன். குனோங் ராபாட்டில் நடக்கும் பொதுமக்கள் கருத்துக் கேட்பில் எதிர்ப்பு வராவிட்டால் பத்தி அப்படியே கொள்கையில் ஏறும் என்று முடிவானது.

மண்டபம் நிறையக் கூட்டம். எஸ்டேட்டை முதலாளி விற்றபின் இங்கே குடிவந்த தொழிலாளர் குடும்பங்கள். முதல் வரிசையில் மாமா. விளக்கிக் காட்ட அந்தச் சின்னம் ஒட்டிய ஒரு புத்தம்புது எஃகு டிரம் கொண்டுபோயிருந்தேன். அது தொழிற்சாலையிலிருந்து நேராக வந்த காலி டிரம். கடைசியில் ஜம்மென்று மேடைக்கு வரட்டும் என்று சமையலறையில் ஒளித்து வைத்தேன்.

"இந்தச் சின்னம் உலகத்தில் யாருக்கும் புரியும்," என்று நான் முழங்கிக்கொண்டிருந்தபோது, சாப்பாட்டுப் பொறுப்பிலிருந்த லெட்சுமி அக்கா டிரம்மைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். உள்ளே சிவப்புச் சிராப்புச் சர்பத்தில் ஐஸ் மிதந்தது. நான் கவனிப்பதற்குள் பின்வரிசையில் பாதிப் பேர் அதைக் குடித்து முடித்திருந்தார்கள்.

"என்னக்கா இது?" மைக்கை அணைக்க மறந்திருந்தேன்.

"சிராப்புலா. எங்க டிரம் ஓட்டை. இத நல்லா சோப்பு போட்டுக் கழுவிட்டோம்."

"மேல படம் இருக்கே, பாக்கலையா?"

"பாத்தோம்மா. காத்தாடி படம். ஜில்லுனு வச்சிருக்கும்னுதான் இத எடுத்தோம்."

"அது கதிரியக்கக் கழிவு டிரம்," என்றேன். மைக் அதை வெளியே நின்ற மோட்டார் சைக்கிள்கள் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

நாற்காலிகள் கிறீச்சிட்டன. புது டிரம், ஒன்றும் ஆகாது என்று கெஞ்சினேன்.

"ஆபத்து கண்ணுக்குத் தெரியாதுன்னு இப்பதானே சொன்ன?" என்றார் ஒரு பெரியவர். ஒரு மணி நேரமாக நான் ஊட்டிய விழிப்புணர்வு அருமையாக வேலை செய்தது.

"அப்ப நீ குடி," என்றார் மாமா.

குடித்தேன். அக்கா சீனியை அள்ளிக் கொட்டியிருந்தார். என் முகம் தானாகச் சுளித்தது. அதைப் பார்த்து மிச்சக் கூட்டமும் எழுந்துவிட்டது. கடைசியில் புவான் வந்து ஒரு கிளாஸ் நிதானமாகக் குடித்து, "இனிப்பு அதிகம்," என்றார். மெல்ல உட்கார்ந்தார்கள்.

'கலந்துரையாடல் உற்சாகமாக நடந்தது. பானம் வழங்கப்பட்டது' என்று அறிக்கை எழுதினோம். பல தலைமுறை தாங்க வேண்டிய என் பத்தி மத்தியானச் சாப்பாடு வரைகூடத் தாங்கவில்லை. புவான் அதன் மேல் கோடு கிழித்து, "திரும்ப எழுது," என்றார்.

இன்றும் வீட்டு விசேஷத்தில் யார் தண்ணீர் கொடுத்தாலும், "எந்த டிரம்மு?" என்று கேட்டுவிட்டுத்தான் மாமா வாங்குவார்.

பத்தியைத் திருத்திவிட்டேன். இப்போது சின்னத்துக்குப் பக்கத்தில் ஓடும் மனிதன் படமும் மூன்று மொழியில் எச்சரிக்கையும் உண்டு. அடுத்த கருத்துக் கேட்பு பாகான் டத்தோவில். இதெல்லாம் ஒட்டிய புது டிரம்மை நன்றாகக் கழுவி, ஒரு வார்த்தையும் சொல்லாமல், நேற்றே அந்த மண்டபத்துச் சமையலறைக்கு அனுப்பிவிட்டேன்.