வலது கைக்குத் தாவிய மாவுக்கட்டு

இந்தக் கதையில் அநியாயம் நடந்தது மனைவிக்கு. கை முறிந்தது மட்டும்தான் கணவனுக்கு. தையல் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் மிஷினோடு மல்லுக்கட்டியவளுக்கு இப்போதுதான் சூப்பர்வைசர் பதவி வாசல்வரை வந்திருந்தது. மூன்று மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை வெளியூரில் இரண்டு வாரப் பயிற்சி தொடங்கும். போகாவிட்டால் பதவி அடுத்த வரிசைக்காரிக்கு. அதற்குக் குறுக்கே ஒரு மாவுக்கட்டு நின்றது.

கணவன் அச்சகத்தில் பிழை திருத்துபவன். விடுபட்ட கால்புள்ளியைக்கூட மோப்பம் பிடித்துவிடுவான். சோபாவில் தூங்கி, உருண்டு, இடது கையை ஊன்றி விழுந்தான். மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே, முந்திரிப்பருப்பு அளவில் ஓர் எலும்பு. அதுதான் முறிந்தது.

"எலும்பு ஒட்டணும்னா சாமான் எல்லாம் ரத்தத்துலதான் வந்து இறங்கணும். மத்த எலும்புக்கு நாலு பக்கமும் ரோடு. இதுக்கு ஒரு முனையில மட்டும் சின்னச் சந்து. அதான் லேட்டாகும்" என்றார் டாக்டர். விரல்களை ஆட்டுங்கள், நன்றாக நடங்கள், சிகரெட்டை நிறுத்துங்கள் என்றும் சொன்னார். அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் நம் பிழைதிருத்தி மனசுக்குள்ளேயே அடித்துவிட்டான்.

அன்றிலிருந்து வீட்டில் எல்லாமே ரத்த ஓட்டம்தான்.

"ஏங்க, வலது கை சும்மாதானே இருக்கு. அந்தத் தட்டையாவது கழுவுங்களேன்."

"வலது கைக்கு வேலை குடுத்தா ரத்தம் எல்லாம் அந்தப் பக்கம் போயிடும்மா. சந்துல இருக்கிறவன் என்ன பண்ணுவான்?"

"நான் ஊருக்குப் போனா?"

"மனசு கலங்கும். கலங்கினா சந்து அடைச்சுக்கும்."

பத்து வாரம் ஓடியது. கட்டைப் பிரிக்கும் நாளில் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை, தனியாகப் போனான். எலும்பு அழகாக ஒட்டியிருந்தது. இரண்டாக அறுத்த கட்டு ஓடுகளை, ஞாபகத்துக்கு என்று கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். வீட்டு வாசலில் அவற்றைக் கையில் பொருத்தி, துணி சுற்றி, "இன்னும் ஆறு வாரமாம்" என்று பெருமூச்சு விட்டான்.

அவள் கம்பெனிக்குக் கிளம்பியதும் கட்டு அலமாரிக்குப் போகும். மாடிவீட்டு எலக்ட்ரீசியன் கேரம் போர்டோடு இறங்கி வருவான். அவள் வரும் நேரத்துக்குக் கட்டு கைக்கு ஏறும்.

பயிற்சிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை அவள் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டாள். கேட் சத்தம் கேட்டது.

"அண்ணே, கையை நீட்டுங்க, நான் கட்டுறேன்."

"இடது கைப்பா."

"தெரியும்ண்ணே."

எதிரே உட்கார்ந்திருந்த எலக்ட்ரீசியன், தன் இடது பக்கம் இருந்த கையைப் பிடித்துச் சுற்றினான். கண்ணை வாசலிலேயே வைத்திருந்த பிழைதிருத்தி குனிந்து பார்க்கவில்லை.

அவள் உள்ளே வந்தாள். வலது கையில் கட்டு. கட்டைவிரலுக்கான குழியில் சுண்டுவிரல் ஒடுங்கிக் கிடந்தது. டீ போட்டு நீட்டினாள். அவன் இடது கையால் வாங்கி, ஊதிக் குடித்தான்.

"வலி எப்படிங்க இருக்கு?"

"உயிர் போகுதும்மா."

"எந்தக் கை?"

"இது என்ன கேள்வி? கட்டுப் போட்ட கைதான்."

எலக்ட்ரீசியனுக்கு அப்போதுதான் உறைத்தது. போர்டைத் தூக்கிக்கொண்டு, செருப்பைக்கூட மறந்து மாடிக்கு ஓடினான்.

அவள் பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கி, புடவைகளை அடுக்க ஆரம்பித்தாள்.

"என்னம்மா இது? பாதி ஒட்டின எலும்போட என்னைத் தனியா விட்டுட்டா, ரத்த ஓட்டம் என்னத்துக்கு ஆகும்?"

அவள் பெட்டியைப் பூட்டிவிட்டு அவன் வலது கையை மெல்லத் தட்டிக் கொடுத்தாள்.

"இடது கையில இருந்த முறிவே ரத்தத்தோட இந்தப் பக்கம் வந்து சேர்ந்திருக்கு. இவ்வளவு பிரமாதமா ஓடுற ரத்தத்தை வீணாக்காதீங்க. பாத்திரம் தொட்டியில இருக்கு."