ஸ்பேனர் படத்துக்கு வைத்த பொட்டு

"சர்வர் ரூமுக்குப் பொட்டப்புள்ளையாங்க? மெசினு நின்னு போச்சுன்னா கூடச் சேந்து அழுவுமே, ரெண்டுல எதைச் சரி பண்றது?"

பள்ளிபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, என் காதுபடவே மேனேஜரிடம் இப்படிக் கேட்டவர் எலக்ட்ரீஷியன் சென்னியண்ணன். எடப்பாடியில் எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போய்ப் பட்டமும் வாங்கியவள் நான் (பட்டமளிப்பு அங்கியைத் தெருவுக்கே போட்டுக் காட்டியவள்). அதனால் நிமிர்ந்தே நடந்தேன். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு வாரமே இருந்தபோது ஆயுத பூஜை வந்தது.

மில்லில் அன்று ஸ்பேனர் முதல் லாரி வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் உண்டு. மில் கணக்கெல்லாம் ஓடும் பெரிய கணினியான சர்வர் மட்டும் என்ன பாவம் செய்தது? தட்டோடு போனேன். அதன் முன்பக்க ஓரத்தில் ஒரு குட்டித் துளை, பக்கத்தில் ஸ்பேனர் படம். ஆயுதத்தின் படமும் போட்டு, பொட்டு வைக்க ஒரு குழியும் விட்டிருக்கிறார்களே என்று புல்லரித்துப்போனேன். சந்தனத்தைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தி (உதிர்ந்துவிடக் கூடாதே), மேலே குங்குமமும் வைத்தேன். பூஜை முடிந்தால் ஆயுதத்தைத் தொடக் கூடாது என்பதால் சர்வரை நிறுத்தியும் வைத்தேன்.

மறுநாள் காலை பொத்தானை அழுத்தினேன். விசிறிகள் இரைந்தன. மஞ்சள் விளக்கு மின்னியது. திரை கறுப்பாகவே இருந்தது. கேட்டில் நூல் லாரி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தோடு காத்திருந்தது. பத்தரைக்கு ராகு காலம். முதல் லோடு அதற்குள் கிளம்ப வேண்டும். லாரியை வெளியே விடும் கேட் பாஸ் சர்வரிலிருந்துதான் வர வேண்டும். மேனேஜர் வாசலில் நின்று கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

சர்வர் கம்பெனி இன்ஜினியருக்குப் போன் போட்டேன்.

"முன்னாடி ஸ்பேனர் படம் போட்டு சின்னதா ஒரு போர்ட் இருக்கும், பாருங்க மேடம். அதுல கேபிளைச் சொருகி உங்க லேப்டாப்போட சேருங்க."

"சொருக முடியாதுங்க."

"ஏன்?"

"உள்ள சந்தனம் இருக்குதுங்க."

"திரும்பச் சொல்லுங்க மேடம்."

"குங்குமமும்."

கரண்ட் இணைப்பை முழுதாகப் பிடுங்கச் சொன்னார். ஈர்க்குச்சியைக் கூராக்கிக் காய்ந்த சந்தனத்தைச் சுரண்டினேன். டார்ச் பிடித்தவர் சென்னியண்ணன். "இதுக்குத்தான் நாலு வருசம் காலேசு போனியா சாமி?"

அழவில்லை. அது ஒன்றுதான் மிச்சமிருந்த மானம்.

மறுபடி கரண்ட் கொடுத்து, கேபிளைச் சொருகிக் காத்திருந்தேன். ரெண்டு நிமிடத்தில் லேப்டாப்பில் ஒரு பக்கம் திறந்தது. செத்துவிட்டது என்று நான் நினைத்த சர்வருக்குள் இன்னொரு குட்டிக் கணினி விழித்திருந்தது. பெரியது எழாவிட்டாலும் இது எழுந்துகொள்ளுமாம். ஒவ்வொரு விசிறியின் வேகம், உள்ளே எவ்வளவு சூடு, நேற்று எத்தனை மணிக்கு யார் நிறுத்தினார்கள் (நான்தான்) என்று எல்லாம் சொன்னது. கடைசி வரியில், எட்டாவது இடத்து மெமரி பழுது என்று நோவு இருக்கும் இடத்தையே தொட்டுக் காட்டியது. அந்த வரியை ரெண்டு தடவை வாய்விட்டுப் படித்தேன்.

சென்னியண்ணன் டார்ச்சை அணைக்கவே மறந்துவிட்டார். "ஒடம்பு உழுந்து கெடந்தாலும் இது பேசுமா?"

"பேசுமுங்க. நாமதான் வாயை அடைக்காம இருக்கோணும்."

இன்ஜினியர் சொன்னபடி நிறுத்திவிட்டு, அந்த மெமரியைக் கழற்றினேன். மறுபடி பொத்தானை அழுத்தியதும் திரை ஒளிர்ந்தது. பத்து இருபதுக்கு லாரி எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு போனது. அடுத்த வாரம் வேலை நிரந்தரமானது. மறு வருட ஆயுத பூஜைக்கு, அந்தத் துளையின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டுத்தான் சென்னியண்ணன் என் கையில் தட்டைக் கொடுத்தார்.

இந்த மாதம் பெங்களூரில் ஒரு டேட்டா சென்டரில் சேர்ந்துவிட்டேன். வரிசை வரிசையாகச் சர்வர்கள், ஒவ்வொன்றின் முகத்திலும் அதே குட்டி ஸ்பேனர். முதல் நாள் வாயைப் பிளந்து நின்றுவிட்டேன். சாயங்காலம் அப்பா போனில் கேட்டார்:

"அத்தனைக்கும் பொட்டு வெச்சாச்சா சாமி?"

"இல்லீங்கப்பா. சந்தன டப்பாவைக் கேட்லயே வாங்கி வெச்சுக்கிட்டாங்க."