ஒன்பது விநாடியில் மூடிய குழி

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்த அன்றே சாலைக் குழியையும் கண்டுபிடித்துவிட்டது. அன்றிலிருந்து அரசர்களும் பொறியாளர்களும் கல், மண், செங்கல், தார் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் கொட்டி அதை மூடப் பார்த்துத் தோற்றுப்போனார்கள். இந்த நெடும்போரில் இறுதி வெற்றி கிட்டிய இடம், நகராட்சிச் சாலைப் பராமரிப்புப் பிரிவின் முதல் மாடியில், மின்விசிறிக்கு நேர்கீழே இருந்த இரண்டாவது மேசை. வென்றவர் சாலை மேற்பார்வையாளர். ஆயுதம், அவருடைய வலது கை ஆள்காட்டி விரல். வரலாறு இதைக் குறித்துக்கொள்ளவில்லை என்றால் அது வரலாற்றின் அலட்சியம்.

அதற்கு முன்பு மேற்பார்வையாளர் மிகவும் பிற்போக்கான மனிதராக இருந்தார் என்பதை வருத்தத்துடன் சொல்லியாக வேண்டும். புகார் வந்தால் நேரில் போய்விடுவார். குழிக்குள் குடையை விட்டு ஆழம் பார்ப்பார். ஜல்லி வந்து, தார் வந்து, ரோடு ரோலர் வந்து, எல்லாம் முடிந்து சூடு ஆறும் வரை வெயிலில் நிற்பார். மறுநாள் போய் அதன் மேல் ஒரு குதி குதித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். ஒரு குழிக்கு நான்கு நாள் ஆகும். இப்படிப்பட்டவர்களால்தான் நாடு முன்னேறாமல் கிடந்தது.

அந்த நிலையில்தான் மேற்பார்வையாளர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு டேப்லெட் வந்து சேர்ந்தது. முதல் மூன்று மாதம் அதை அவரவர் அறிவுக்கு எட்டியபடி பயன்படுத்தினார்கள். ஒருவர் காகிதங்கள் பறக்காமலிருக்க மேலே வைத்தார். ஒருவர் அதில் முகம் பார்த்துத் தலை வாரினார். நம்மவர் பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினார். "கருவியின் முழுப் பயனும் பெறப்படவில்லை" என்பதைக் கவனித்த செயற்பொறியாளர், ஒரு பயிற்சியாளரை வரவழைத்து, "டேப்லெட்டைத் திறம்படக் கையாள முப்பத்திரண்டு எளிய குறிப்புகள்" என்ற வகுப்புக்கு உத்தரவிட்டார்.

பயிற்சியாளர் நல்ல மனிதர். இரண்டு விரலால் திரையை இப்படித் தள்ளினால் என்ன வரும், மூன்று விரலால் அப்படி இழுத்தால் என்ன போகும் என்று சொல்லிக்கொடுத்தார். திரையை இரண்டாகப் பிரித்து ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்ப்பது எட்டாவது குறிப்பு. யார் கூப்பிட்டாலும் சத்தம் வராதபடி "தொந்தரவு வேண்டாம்" என்று வைத்துவிட்டால் கைபேசியும் சேர்ந்து வாயை மூடிக்கொள்ளும் என்பது பதின்மூன்றாவது. ஓர் எழுத்தைத் தட்டினால் ஒரு முழு வாக்கியமே வந்து விழும்படி செய்வது பத்தொன்பதாவது. எல்லோரும் தலையாட்டினார்கள். பாதிப் பேர் தூக்கத்தில் ஆட்டினார்கள்.

இருபத்தேழாவது குறிப்புக்குத்தான் அறை விழித்துக்கொண்டது. பயிற்சியாளர் தன் குடும்பப் படம் ஒன்றைத் திரையில் காட்டினார். அவர் மைத்துனர் தலைக்குப் பின்னால் ஒரு விளக்குக் கம்பம் முளைத்திருந்தது. பயிற்சியாளர் கம்பத்தின் மேல் விரலை வைத்துத் தேய்த்தார். கம்பம் காணாமல் போனது. இருந்த இடத்தில் வானம் வந்து நின்றது.

"இது கம்பத்தை மட்டும்தான் அழிக்குமா?" என்று கேட்டார் செயற்பொறியாளர்.

"வேண்டாதது எதுவா இருந்தாலும் அழிக்கும் சார். என் மைத்துனரையே அழிக்கலாம்."

"தரையில இருக்கிறதையும்?"

"தரையில இருந்தா இன்னும் சுலபம் சார். பக்கத்துல இருக்கிற தரையை எடுத்து அதுவே நிரப்பிக்கும்."

செயற்பொறியாளர் ஜன்னல் வழியாக அலுவலக வாசலில் இருந்த குழியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய சிந்தனைகள் இப்படித்தான் பிறக்கின்றன.

இங்கே அலுவலக விதி ஒன்றைச் சொல்ல வேண்டும். புகார் கொடுப்பவர் குழியைப் படம் எடுத்து அனுப்புவார். குழியை மூடியபின் மேற்பார்வையாளர் அதே இடத்தின் படத்தை ஏற்றினால்தான் புகார் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறும். பச்சைக்கு மாறினால் குழி இல்லை என்று பொருள். குழி இருக்கிறதா என்று தெருவில் போய்ப் பார்க்கும்படி விதியில் எங்குமே சொல்லவில்லை. விதியை எழுதியவர்கள் தீர்க்கதரிசிகள்.

மேற்பார்வையாளர் ஒரே நாளில் மாறிவிடவில்லை. முதல் தடவை ரோலர் பழுதாகிக் கிடந்தது, மழையும் பெய்தது, மாலை ஐந்து மணிக்குள் எல்லாம் பச்சையாக வேண்டும் என்று மேலிடத்துக் கெடு. செயற்பொறியாளர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீங்க குழியை மூட வேணாம்னு நான் சொல்லவே இல்லை. முதல்ல படத்துல மூடுங்க. அப்புறம் தெருவுல மூடுங்க. வரிசைதான் மாறுது."

"தப்பில்லையா சார்?"

"தற்காலிக நிவாரணம்னு ஒண்ணு கிடையாதா?"

மேற்பார்வையாளர் விரலால் தேய்த்தார். குழி போனது. அதற்குப் பதில் கறுகறுவென்று ஒரு சாலை வந்தது. அந்தத் தெரு பிறந்ததிலிருந்து பார்த்திராத வெள்ளைக் கோடு ஒன்றைக்கூட டேப்லெட் தானாகவே போட்டுக் கொடுத்தது. இருபத்திரண்டு வருட வேலையில் தான் இவ்வளவு நல்ல சாலை போட்டதில்லை என்பதை அவர் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் நிறைய நிம்மதியாகவும் இருந்தது.

அதன்பிறகு வேலையில் அவருக்கு ருசி வந்துவிட்டது. "ந" என்று ஓர் எழுத்தைத் தட்டினால் "தங்கள் புகார் மீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி" என்று வரும்படி செய்துகொண்டார். படம் வருவது, தேய்ப்பது, ஏற்றுவது, நன்றி சொல்வது எல்லாம் சேர்ந்து ஒரு குழிக்குப் பதினோரு விநாடி. நான்கு நாளிலிருந்து பதினோரு விநாடி. காலையில் தேநீர் ஆறுவதற்குள் ஒரு வார்டையே சமன் செய்துவிடுவார். எதைத் தாரால் மூடினோம், எதை விரலால் மூடினோம் என்பது சில வாரத்தில் அவருக்கே மறந்துபோனது. பட்டியலில் எல்லாமே ஒரே பச்சைதானே.

ஒரு நாள் ரோடு ரோலர் ஓட்டுநர் மாடியேறி வந்தார்.

"சார், வண்டி நின்ன இடத்துலயே நிக்குது. புகைபோக்கியில குருவி கூடு கட்டியிருக்கு."

"படம் எடுத்தீங்களா?"

"எடுத்தேன் சார். இதோ."

மேற்பார்வையாளர் தேய்த்தார். "இப்ப பாருங்க. கூடு இல்லை."

ஓட்டுநர் படத்தைப் பார்த்தார். ஜன்னலுக்குப் போய் ரோலரைப் பார்த்தார். திரும்பவும் படத்தைப் பார்த்தார். "அப்ப நான் நாளைக்கு வேலைக்கு வரணுமா சார், இல்லை என்னையும் படத்துல சேர்த்துக்குவீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் இறங்கிப் போனார். தொழில்நுட்பம் சிலருக்குப் பிடிபடுவதே இல்லை.

மேற்பார்வையாளரின் மனைவிக்கும் அது பிடிபடவில்லை. அவர் தையல்காரர். கடைவீதியில் சொந்தக் கடை, கால் மிதி இயந்திரம் இரண்டு. தினமும் ஸ்கூட்டரில் தெருமுனையைத் தாண்டித்தான் கடைக்குப் போக வேண்டும். மேற்பார்வையாளர் பேருந்து பிடிக்க எதிர்த்திசையில் நடப்பவர்; தெருமுனைப் பக்கமே போவதில்லை. ஒரு சாயங்காலம் அவர் மனைவி அறுந்த செருப்பு வாரைச் சிவப்பு நூலால் தைத்துக்கொண்டிருந்தார்.

"தெருமுனைக் குழியில வண்டி சாயும்போதெல்லாம் காலை ஊணி ஊணி வாரே அறுந்துபோச்சு. ஊர்க் குழியெல்லாம் மூடுறீங்க, நம்ம வீட்டுக் குழியை எப்பங்க மூடப்போறீங்க?"

"எந்தக் குழி?" என்று டேப்லெட்டைத் திறந்தார் மேற்பார்வையாளர். "நம்ம தெருவுல குழியே இல்லையே. போன மாசம் பதினாலாம் தேதி மூடியாச்சு. பாரு, படம்."

அவர் மனைவி படத்தைப் பார்த்தார். "அழகாத்தான் இருக்கு. இது எந்த ஊர்?"

"நம்ம தெருமுனைதான்ம்மா. அந்த மளிகைக் கடை தெரியுது பாரு."

"நான் இன்னிக்குக் காலையில இந்தக் குழிக்குள்ள இறங்கி ஏறிப் போயிருக்கேன்."

"படத்துல இல்லையே" என்றார் மேற்பார்வையாளர். சொன்ன மறுகணம் டேப்லெட்டை மூடினார். தன் வீட்டுக்காரி தினமும் போகும் வழியைத் தானே தேய்த்து ஏமாற்றியிருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "நாளைக்கே நேர்ல போய்ப் பாக்குறேன். ரோலரை எடுத்துட்டு வந்துடுறேன்" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

ஆனால் மறுநாள் காலை செயற்பொறியாளர் வேறு செய்தி வைத்திருந்தார். குழியற்ற நகரம் என்ற விருதுக்கு அவர்கள் பிரிவு தேர்வாகியிருந்தது. பத்தாயிரம் புகார்களைத் தீர்த்த மேற்பார்வையாளருக்கு மேடையில் தனிப் பாராட்டு. பத்தாயிரத்துக்கு இன்னும் நூற்று நாற்பது பாக்கி. ஆணையருக்கு வரவேற்புரையும் அவரே எழுத வேண்டும்.

"சார், ஒரு அரை மணி நேரம் வெளியே போயிட்டு வந்துடுறேன். வீட்டுப் பக்கம் ஒரு குழி..."

"அது பச்சையா, சிவப்பா?"

"பச்சை சார்."

"பச்சைக் குழியை மூடப் போனா, ஏற்கெனவே மூடலைன்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடாதா?"

மேற்பார்வையாளர் தன் மேசைக்குத் திரும்பினார். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டார். டேப்லெட்டின் எல்லாக் குறிப்புகளும் அன்று ஒன்றுகூடி அவருக்குத் தோள் கொடுத்தன. திரையை இரண்டாகப் பிரித்தார். இடது பக்கம் வரவேற்புரை, வலது பக்கம் புகார்கள். "தொந்தரவு வேண்டாம்" போட்டார். முப்பத்தோராவது குறிப்பைக்கூட அன்றுதான் பயன்படுத்தினார். "வேண்டாதவற்றைத் தானே தேர்ந்தெடு" என்று சொல்லிவிட்டால், படத்தில் எதெல்லாம் வேண்டாதது என்று டேப்லெட்டே வட்டம் போட்டுக் காட்டும். நாம் சரி என்று மட்டும் தொட்டால் போதும். தேய்க்கும் சிரமமும் மிச்சம்.

பதினோரு மணி வாக்கில் பத்தாயிரமாவது புகார் வந்தது. டேப்லெட் அந்தப் படத்தில் நான்கு வட்டம் போட்டது. மேற்பார்வையாளர் அப்போது இடது பக்கத்தில் "மக்களின் கண்ணாகவும் காலாகவும் விளங்கும்" என்று எழுதிக்கொண்டிருந்தார். வலது பக்கம் பார்க்காமலே சரி என்று தொட்டார். "ந" தட்டினார். ஒன்பது விநாடி. அதுவரை யாரும் தொடாத சாதனை.

மதியம் தொந்தரவுகளை மறுபடி அனுமதித்தபோது, கைபேசியில் பதினேழு அழைப்புகள் தவறியிருந்தன. எல்லாம் மருத்துவமனையிலிருந்து.

அவர் போய்ச் சேர்ந்தபோது மனைவியின் வலது காலில் மாவுக்கட்டு போட்டு முடித்திருந்தார்கள். முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. நடப்பதற்கு மூன்று மாதம் ஆகும், தையல் இயந்திரம் மிதிப்பதை அதன்பிறகு பார்க்கலாம் என்றார் மருத்துவர். மேற்பார்வையாளர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதார். அழுகையில் பொய் இல்லை.

"குழி முழுக்கத் தண்ணி. ஆழம் தெரியலை" என்றார் அவர் மனைவி. "அந்த மளிகைக் கடைக்காரர்தான் தூக்கி உக்கார வெச்சாரு. அப்படியே என்னையும் சேத்துப் படம் எடுத்து உங்க ஆபீசுக்கும் புகார் அனுப்பினாரு. வந்துச்சா?"

"தினம் எவ்வளவோ வருது" என்றார் மேற்பார்வையாளர்.

"ஒரு நிமிஷத்துல பதில் வந்துடுச்சாம். நடவடிக்கை எடுத்தாச்சுன்னு. யாருங்க அனுப்பினது?"

மேற்பார்வையாளர் தலைகுனிந்து தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பட்டியலைத் திறந்து பார்த்திருக்கலாம். பார்க்கத் துணிவில்லை. அந்தப் புகார் ஏற்கெனவே பச்சையாகியிருந்தது.

விருது விழா மூன்றாவது வாரம் நடந்தது. குடும்பத்துடன் வரச் சொல்லி அழைப்பு. அவர் மனைவி ஊன்றுகோலோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். மேற்பார்வையாளர் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "பத்தாயிரம் குழியை மூடினவரை நானும் பாக்க வேணாமா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

ஆணையர் பேசினார். செயற்பொறியாளர் பேசினார். பிறகு அரங்கின் பெரிய திரையில், "மிக விரைவாகத் தீர்க்கப்பட்ட புகார்: ஒன்பது விநாடி" என்ற எழுத்தோடு ஒரு படம் வந்தது. பளபளவென்று சாலை. நடுவில் வெள்ளைக் கோடு. ஓரத்தில் மளிகைக் கடை. குழி இல்லை, தண்ணீர் இல்லை, விழுந்த ஸ்கூட்டர் இல்லை. ஒரு சிறு தூசுகூட இல்லாத அந்தத் தெருவின் நட்டநடுவில் ஒற்றைச் செருப்பு மட்டும் கிடந்தது. அதன் வாரில் சிவப்பு நூல்.

அரங்கம் கைதட்டியது. மேடையில் செயற்பொறியாளர் மேற்பார்வையாளர் பக்கம் சாய்ந்து, "ஒரு செருப்பை விட்டுட்டீங்களே. கவனமா இருக்க வேணாமா?" என்று பல்லைக் கடித்தார். மேற்பார்வையாளரின் ஆள்காட்டி விரல், அவரைக் கேட்காமலே, மேசை விரிப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

கைதட்டல் ஓயும் வரை அவர் மனைவி பொறுமையாக இருந்தார். பிறகு ஊன்றுகோலை ஊன்றி மெல்ல எழுந்து, மேடையை நோக்கி, வீட்டில் சாவியைக் காணோம் என்று கேட்கும் அதே குரலில் கேட்டார்.

"ஏங்க, செருப்பு அங்க கிடக்குது. என்னை எங்க போட்டீங்க?"