அத்தானும் அனுமதியின்றிப் பறந்த தேனீக்களும்

தேனீ வளர்த்தவர்களை வரலாறு இரண்டு வகையாகப் பிரிக்கும். தேனீக்களின் போக்கை அறிந்து வளர்த்தவர்கள் ஒரு வகை. தேனீக்கள் தம்முடைய போக்கை அறிந்து நடந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்தவர்கள் மறு வகை. இந்த இரண்டாம் வகையில் உலகம் கண்ட ஒரே மேதை சங்கரன்கோவிலில், விசைத்தறிச் சத்தம் ஓயாத ஒரு சந்தில் வசிக்கிறார். பெயர் சங்கரநயினார். என் அக்கா முத்துமீனாளின் கணவர். அந்த உறவினால்தான் இந்த வரலாற்றை எழுதும் தகுதியும், அவர் வீட்டுக் கூடத்தில் பாய் விரிக்கும் உரிமையும் எனக்குக் கிடைத்தன. நூல் கடையில் கணக்கெழுதும் நான் அங்கே ‘தற்காலிகமாக’த் தங்க வந்து ஆறு வருடம் ஆகிறது.

அத்தான் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்களுக்கு வழக்கமாகச் சர்க்கரை வரும், மூட்டுவலி வரும். அத்தானுக்கு வந்தது ஆள் பற்றாக்குறை. கண்காணிக்க யாருமில்லாத கண்காணிப்பாளர் என்ன செய்வார்? முதலில் வீட்டைத் தம் நேரடிப் பார்வையின் கீழ் கொண்டுவந்தார்.

வீட்டில் இரண்டு அறை, ஒரு கூடம், ஒரு குளியலறை. இருப்பவர்கள் அத்தான், அக்கா, மகன் சங்கரகணேஷ், மருமகள் சிவசக்தி, பேரன், பேத்தி, நான். குளியலறைக்கு முறை வைத்தார். குளிர்சாதனப் பெட்டியைத் திறப்பவர் திறப்பதற்கு முன்பே காரணம் சொல்ல வேண்டும் என்றார். தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் சிவசக்தி மாலையில் பத்து நிமிடம் தாமதமாக வந்தால், “விளக்கம் தேவைப்படுது” என்பார். அவள் பஸ் லேட் என்பாள். “விளக்கம் ஏற்புடையதாக இல்லை” என்று சொல்லிவிட்டுக் காப்பி கேட்பார். மருமகள் தாமதமாக வந்ததால் தாமதமாகும் காப்பிக்குத் தனி விளக்கம்.

இப்படிப்பட்ட நேரத்தில்தான் கைபேசியில் யாரோ ‘மொட்டை மாடியில் தேனீ வளர்ப்பீர்’ என்ற காணொளியை அவருக்கு அனுப்பினார்கள். அனுப்பியவர் இன்றும் தலைமறைவாக இருக்கிறார்.

அத்தான் ஒருநாள் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி, அதற்குச் சட்டம் போட்டு மாட்டினார். மார்த்தாண்டத்திலிருந்து தேனீக்களுடன் ஒரு பெட்டி வந்து இறங்கியது. மூடியைத் திறந்து உள்ளே பார்த்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. என்னைக் கூப்பிட்டார்.

“ஏலே ராமு, பாத்தியா? ஆயிரக்கணக்குல ஸ்டாஃபு. லீவு கேக்காது, சங்கம் வைக்காது, கேன்டீன்ல போயி உக்காராது. இப்படி ஒரு ஆபீசத்தான் நான் சர்வீஸ் பூரா தேடுனேன்.”

எறும்பு ஏறாமலிருக்கப் பெட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினோம். கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு எனக்கு வந்தது. அன்று முதல் நான் ‘நீர்வளம்’.

தை பிறந்தது. பின்வீட்டு முருங்கை பூத்தது, தென்னை பாளை விட்டது. ராணித் தேனீ ஓயாமல் முட்டையிட, தேனடைகள் நிறைந்து, தேனீக்கள் பெருகின. இது தம்முடைய நிர்வாகத் திறமையின் விளைவு என்று அத்தான் தெருவில் அறிவித்தார். முருங்கை பூத்ததற்கும் தாமே காரணம் என்று மட்டும் அவர் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த அடக்கம் அவரிடம் உண்டு.

கொசுவலை தொங்கும் தொப்பியோடு தினமும் மூடியைத் திறந்து ஆய்வு நடத்தினார். தேங்காய் நார்ப் புகை போட்டதில் பக்கத்து வீட்டுத் துணிகளெல்லாம் கருவாட்டு வாசனை பெற்றன. ஒருநாள் அதிர்ச்சியோடு கீழே இறங்கி வந்தார்.

“ஏட்டி மீனா! உள்ள கொஞ்சம் தடித்தடியா ஆண் தேனீ இருக்கு. பூவுக்குப் போறதில்ல, தேன் கொண்டாறதில்ல. வேளாவேளைக்குத் தின்னுட்டுச் சும்மா சுத்துது!”

அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அத்தானைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அதுக்காக வெரட்டவா முடியும்?” என்றாள்.

மாசியில் நெருக்கடி தொடங்கியது. பெட்டிக்குள் இடமில்லாமல் தேனீக்கள் வாசலுக்கு வெளியே தாடி போலத் தொங்கின. அதே மாதத்தில், பேரன் கேஸ் சிலிண்டரின் மேல் நோட்டை வைத்து வீட்டுப்பாடம் எழுதினான். சங்கரகணேஷ் மாடிப்படியில் உட்கார்ந்து இட்லி தின்றான். சிவசக்தி தலை சீவுவதற்கு வாசலுக்கு வந்துவிட்டாள். அத்தானின் கழுகுக் கண்ணுக்குத் தேனீக்கள் மட்டும் தெரிந்தன.

“தர்ணா!” என்றார்.

ஆலோசனைக்காகப் பனவடலிசத்திரத்திலிருந்து பரமசிவன் வரவழைக்கப்பட்டார். எலுமிச்சைத் தோட்டக்காரர். பட்டா மாற்றத்துக்காக அத்தானின் அலுவலகத்துக்கு வருடக்கணக்கில் நடந்து, பட்டா கிடைக்காமல் நட்பு மட்டும் கிடைத்தவர். அவரிடமும் இரண்டு தேனீப் பெட்டிகள் இருந்தன. அடைச் சட்டம் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். அடையின் கீழ் விளிம்பில் நிலக்கடலை போலச் சில கூடுகள் தொங்கின.

“அண்ணாச்சி, ராணி அறை கட்டியாச்சு. புது ராணி வரப்போவுது. பழைய ராணி பாதிப் பேரக் கூட்டிக்கிட்டு வேற எடம் தேடிப் போயிரும். அதுக்கு முன்னால நாமளே ரெண்டு பெட்டியாப் பிரிச்சிரணும்.”

“பிரிச்சு?”

“பாதிய எங்கிட்டக் குடுங்க. அங்கன எலுமிச்ச பூத்துக் கெடக்கு.”

அத்தானின் முகம் சிவந்தது. “பாகம் கேக்கவா வே வந்தீரு?”

“பாகமில்ல அண்ணாச்சி, எடம் பத்தல.”

அந்த நேரத்தில்தான் காப்பி கொண்டுவந்த சிவசக்தி, நல்ல சந்தர்ப்பம் என்று தப்பாக நினைத்துவிட்டாள்.

“மாமா, எங்களுக்கும் எடம் பத்தல. ஸ்டேஷன் பக்கம் ஒரு வீடு வாடகைக்கு வருது. கூப்பிடு தூரந்தான். நாங்க அங்கன போயிட்டு, ஞாயித்துக்கெழம தவறாம வந்து…”

அத்தான் காப்பியைக் கீழே வைத்தார். தொப்பியைக் கழற்றினார். கொள்கை அறிவிப்புக்கு முன் அவர் எப்போதும் தொப்பியைக் கழற்றுவார்.

“பெட்டியானாலும் சரி, வீடானாலும் சரி, பிரிவினைங்கிற பேச்சே கெடையாது. எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ. புரிஞ்சுதா?”

சங்கரகணேஷ் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அப்பாவைப் பார்த்ததும் அதைக் கொட்டாவியாக மாற்றிக்கொண்டான். சிவசக்தி காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அத்தான் அந்தக் காப்பியை இன்னும் குடித்து முடித்திருக்கவில்லை.

மறுநாளே அவசர நடவடிக்கைகள். ராணி அறைகள் ‘அனுமதியற்ற கட்டுமானங்கள்’ என்று அறிவிக்கப்பட்டு, சவர பிளேடால் அகற்றப்பட்டன. பெட்டியின் வாசலில் ‘ராணி கேட்’ என்ற தகடு பொருத்தப்பட்டது. அதிலுள்ள இடுக்குகள் வழியாக வேலைக்காரத் தேனீக்கள் போய் வரலாம்; உடல் பெருத்த ராணி மட்டும் வெளியேற முடியாது. இந்தக் கண்டுபிடிப்பு அத்தானை மிகவும் கவர்ந்தது. அன்று மாலை எங்கள் வீட்டு வாசற்படியில் நின்று, நிலையை மேலும் கீழும் அளவெடுப்பது போல வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெற்றி உறுதியாகிவிட்டதால் ஞாயிற்றுக்கிழமை மாடியில் ‘குடி பிரிதல் தடுப்பு விழிப்புணர்வு நிகழ்ச்சி’ நடந்தது. பந்தல்காரரிடம் பிளாஸ்டிக் நாற்காலிகள் வாங்கிப் போட்டிருந்தோம். தெருக்காரர்கள் கேசரிக்காக வந்திருந்தார்கள். பரமசிவனும் மொபெட்டில் வந்திருந்தார். பின்னால் ஒரு காலிப் பெட்டி கட்டியிருந்தது.

“அது என்னத்துக்கு வே?” என்றார் அத்தான்.

“சும்மா வண்டியில கெடந்துச்சு அண்ணாச்சி.”

அத்தான் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். “பெரியோர்களே, ஒரு நிர்வாகத்துல ஊழியர் வெளியேறுதாங்கன்னா அது யாரு தப்பு? வாசலத் தெறந்து போட்டவன் தப்பு! இங்கன வாசல் இறுக்கமா இருக்கு. உள்ள ஊழியர்கள் எவ்வளவு மகிழ்ச்சியா இருக்காங்கன்னு நீங்களே பாருங்க!”

சொல்லிவிட்டு மேல்மூடியை முழுவதுமாகத் தூக்கினார்.

வாசலைப் பூட்டிய மேதை கூரையைத் திறந்துவிட்டார் என்பது ஊழியர்களுக்கு உடனே புரிந்துவிட்டது. கொதிக்கும் பால் பொங்குவது போலத் தேனீக்கள் பொங்கி மேலே வந்தன. மாடியெங்கும் கருமேகம் சுழன்றது. நாற்காலிகள் உருண்டன. தெருக்காரர்கள் படியில் ஒருவர் மேல் ஒருவராக இறங்கினார்கள், ஆனால் கேசரித் தட்டை யாரும் கீழே போடவில்லை. குடி பெயரும் தேனீக்கள் வயிறு நிறையத் தேன் குடித்துவிட்டுக் கிளம்புவதால் பெரும்பாலும் கொட்டுவதில்லை என்று பரமசிவன் பிறகு விளக்கினார். முன்பே விளக்கியிருந்தால் நான் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கியிருக்க மாட்டேன்.

தொட்டியிலிருந்து தலையை நீட்டியபோது மேகம் கீழே இறங்கியிருந்தது. நனைந்தபடியே தெருவுக்கு இறங்கினேன். தெருவாசல் வளைவில், ‘சங்கரநயினார், கண்காணிப்பாளர் (ஓய்வு)’ என்ற பளிங்குப் பலகையை மறைத்தபடி, பலாப்பழம் அளவுக்கு ஒரு கொத்தாகத் தேனீக்கள் தொங்கின. ‘ஓய்வு’ மட்டும் வெளியே தெரிந்தது.

தெருவே எதிர்ச்சாரியில் நின்று வேடிக்கை பார்த்தது. கூட்டத்தின் முன்னால் சிவசக்தி, இரண்டு பக்கமும் பிள்ளைகளைப் பிடித்தபடி நின்றாள். மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, அத்தான் தேனீக்களுடன் பேச்சுவார்த்தையைத் தொடங்கினார். வாழ்நாளில் முதல்முறையாக அவர் குரல் குழைந்தது.

“யம்மா, வந்துருங்கம்மா. என்ன கொற உங்களுக்கு? எடம் பத்தலயா? மேல ஒரு தட்டு போட்டுத் தாரேன். தனி வாசல் வச்சுத் தாரேன். இனிமே நெதமும் மூடியத் தெறந்து எட்டிப் பாக்க மாட்டேன். எப்ப வேணாலும் போங்க, எப்ப வேணாலும் வாங்க, ஒரு வார்த்த கேக்க மாட்டேன். சீனிப்பாகு காச்சி நானே கொண்டாந்து வைக்கேன்!”

சிவசக்தி தலையை நிமிர்த்தினாள்.

“மாமா!” என்றாள். பள்ளிக்கூடத்துக் குரல், கடைசி பெஞ்சு வரை கேட்கும். “இதுல பாதிய எங்கிட்டச் சொல்லிருந்தா நான் வீடே பாத்திருக்க மாட்டேன்!”

“குறுக்கப் பேசாத சக்தி! பேச்சுவார்த்த நடக்குல்லா!”

அவள் கணவனைப் பார்த்தாள். சங்கரகணேஷுக்கு அந்த நேரத்தில் கொட்டாவி வரவில்லை. “அட்வான்ஸ் குடுத்துரலாம்” என்று மெதுவாகச் சொன்னான். சொல்லி முடித்ததும் தன் குரலைத் தானே நம்பாதவன் போலச் சுற்றிலும் பார்த்தான்.

பரமசிவன் யாரையும் பார்க்கவில்லை. ஏணியை வாங்கிச் சாத்தினார். கொத்தின் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்து, காலிப் பெட்டியைக் கீழே பிடித்து, கையால் மெதுவாகத் தள்ளினார். பொத்தென்று மொத்தமும் உள்ளே விழுந்தது. அந்தி மயங்கும் வரை, மிச்சமிருந்த தேனீக்களும் வந்து ஏறட்டும் என்று காத்திருந்து, வாசலை அடைத்து, மொபெட்டில் கட்டினார்.

“ஏ பரமசிவா! அது எம் பெட்டி வே!” என்று மாடியிலிருந்து அத்தான் கத்தினார்.

“ஒங்க பெட்டி மேல பத்திரமா இருக்கு அண்ணாச்சி. இது வெறும் தேனீதான்.”

மொபெட் போய்விட்டது.

அத்தான் தளரவில்லை. பழைய பெட்டியில் பாதித் தேனீக்கள் மிச்சமிருந்தன. ஓரத்து அடையில் பிளேடுக்குத் தப்பிய ராணி அறை ஒன்றும் இருந்தது. புது ராணி பிறந்ததும் கொஞ்ச நாள் பெட்டியைத் தொந்தரவு செய்யாமல் விட வேண்டுமாம். ஆனால் ராணி முறையாகப் பொறுப்பேற்றுக்கொண்டாரா என்பதை மேலதிகாரி நேரில் பார்க்க வேண்டாமா? காலையிலும் மாலையிலும் மூடியைத் திறந்து பார்த்தார். ஒரு மத்தியானம், நாங்களெல்லாம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மிச்சத் தேனீக்களும் விழா எதுவுமின்றிக் கிளம்பிப் போய்விட்டன.

அதே வாரம் குட்டியானை வண்டியில் பீரோவும் கட்டிலும் ஏற, சங்கரகணேஷ் குடும்பம் ஸ்டேஷன் பக்கம் போனது. “அனுமதி வழங்கப்படவில்லை” என்று அத்தான் வாசலில் நின்று சொன்னார். சிவசக்தி அவர் காலைத் தொட்டு வணங்கிவிட்டே வண்டியில் ஏறினாள். பேத்தி கையசைத்தாள். அத்தானும் கையைத் தூக்கினார். பாதியில் நினைவு வந்து, அதே கையால் மீசையைத் தடவிக்கொண்டார்.

பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று இரண்டு நாள் ஒத்தாசைக்குப் போன அக்கா இன்னும் திரும்பவில்லை. அக்காவைக் கூப்பிட்டு வரப் போன நானும் இப்போது அந்த வீட்டுக் கூடத்தில்தான் படுக்கிறேன். தற்காலிகமாகத்தான்.

போன வாரம் ஊர்ப் பொதுநல மன்றம் ஒன்று, தேனீ வளர்ப்பில் அத்தானின் சேவையைப் பாராட்டி விழா எடுத்தது. பெட்டி காலி என்ற விவரம் அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் மண்டபம் பிடித்தாகிவிட்டது. பாராட்டுரை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. அத்தானைப் பற்றி நிறைய எழுதி எழுதி அடித்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டேன்.

“தேனீக்களைத் தம் சொந்தக் குடும்பத்தாரைப் போலவே நடத்திய பெருமகன்!”

தலைவர் அதை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். முன்வரிசையில் ‘குடும்பத்தார்’ என்று எழுதி ஒட்டியிருந்த நாற்காலிகள் காலியாகவே இருந்தன. அத்தான் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனந்தக் கண்ணீர் என்றார்கள்.

நான் கடைசி வரிசையில் நின்றிருந்தேன். குற்றப்பத்திரிகையை வாசித்துவிட்டுப் பொன்னாடை போர்த்தியது எங்கள் ஊரில் அதுதான் முதல் தடவை.